குழாயடிப் பேச்சு

ஆச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு சேலைகள், ஒரு சுருக்குப் பை, ரேஷன் கார்டு. அவற்றுக்கு அடியில் நூலால் கட்டிய ஒன்பது மாதக் காலண்டர்கள். ஜவுளிக் கடைகளும் பாத்திரக் கடைகளும் வருடப் பிறப்புக்கு இலவசமாகக் கொடுத்தவை. தேதிக் கட்டங்களில் நீலப் பென்சிலால் குறிகள் இருந்தன. சிலவற்றில் புள்ளி, சிலவற்றில் சுழி, சில புள்ளிகளுக்குப் பக்கத்தில் சின்னக் கோடு. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பால் கணக்கு என்று நினைத்தேன்.

"பால் கணக்கு இல்லட்டீ, தண்ணிக் கணக்கு" என்றாள் அம்மா. "தண்ணி வந்தா புள்ளி. வரலைன்னா சுழி. கோடு கெடந்தா பாதிக் குடத்துல நின்னு போச்சுன்னு அர்த்தம். கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வந்தா எடுத்துக் காட்டணும்னு வச்சிருந்தாவ."

காட்டினாளா என்று கேட்டேன். கவுன்சிலர் எப்போதும் வாசலில் நின்று தாத்தாவிடம் பேசிவிட்டுப் போய்விடுவார் என்றாள் அம்மா. காலண்டர் அடுக்களைச் சுவரில் தொங்கியது. அவர் அடுக்களை வரை வரவேண்டிய தேவை ஏற்படவில்லை.

எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே குழாய்த் தண்ணீருக்கு நாள் எண்ணிய ஊர்கள் தாமிரபரணியின் இரு கரையிலும் உண்டு. அதனால் ஊரின் பெயர் இங்கே முக்கியமில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஒரு உள்ளாட்சி தன் மக்களுக்குத் தண்ணீர் கொடுத்த கதை, நாள் தவறாமல், ஒன்பது வருடங்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவள் எழுத்தறியாதவள். எந்த ஆவணக் காப்பகத்திலும் அது இல்லை.

சட்டமன்றத்திலோ மாநகராட்சி மன்றத்திலோ உறுப்பினர்கள் சத்தம் போட்டுக்கொண்டால் 'குழாயடிச் சண்டை' என்று எழுதுவது நம் பத்திரிகை வழக்கம். பெண்கள் கூடிப் பேசும் இடத்தின் பெயர் அங்கே வசையாகப் பயன்படுகிறது. ஆனால் எப்போது தண்ணீர் வரும், எந்தத் தெருவுக்கு வரவில்லை, யாரிடம் சொல்ல வேண்டும், போன தடவை சொன்னபோது என்ன பதில் வந்தது என்பதெல்லாம் வாரந்தோறும் பேசப்பட்டது அந்தக் குழாயடியில்தான். மன்றத்தின் பொருள்நிரலில் இருப்பதும் இவைதான். இந்தப் பள்ளத்தாக்கில் ஊராட்சியைப் பற்றிய செய்தி யார் வழியாகப் போனது, பெண்களிடம் எப்படி வந்து சேர்ந்தது, அந்தச் செய்திக்குள் பெண்கள் எப்படி வந்தார்கள் என்ற கேள்விகள் அந்தக் காலண்டர்களிலிருந்து எனக்குத் தொடங்கின.

மானூர்

உள்ளாட்சி வரலாறு என்றால் எல்லாரும் உத்திரமேரூருக்குப் போவார்கள். குடவோலை முறையைச் சொல்லும் சோழர் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்த கல்வெட்டு ஒன்று திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், அம்பலவாண சுவாமி கோயிலில் இருக்கிறது. பாண்டியன் மாறன் சடையன் காலத்தது. சுமார் 1200 ஆண்டுப் பழமை. அந்த ஊர்ப் பிராமணர் சபை தன் உறுப்பினர்களுக்கு விதித்துக்கொண்ட நெறிகளை அது சொல்கிறது. சபையில் இடம்பெற நிலம் வேண்டும், வேதமும் தர்மமும் கற்றிருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும்.

நான் பல தடவை திரும்பிப்போய்ப் படித்த விதி வேறு. சபையில் வைக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருப்பவர் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். அவருக்குத் துணைநிற்பவருக்கும் அதே தண்டம்.

கல்வெட்டில் 'பெண்கள் வரக்கூடாது' என்று ஒரு வரி கிடையாது. அதற்கு அவசியம் இருக்கவில்லை. நிலமும் வேதக் கல்வியும் தகுதி என்று சொன்ன இடத்திலேயே பெண்களும், அந்த நிலத்தில் உழைத்தவர்களும் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டார்கள். எஞ்சிய சிலருக்குள்ளும் மறுத்துப் பேசுவதற்கு விலை வைக்கப்பட்டது. தமிழக ஜனநாயகத்தின் பழமைக்குச் சான்றாக மேடைகளில் காட்டப்படும் கல்வெட்டுகளை, உள்ளே இருந்தவர்களின் பெருமையாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். வெளியே நின்றவர்களின் பக்கத்திலிருந்து படித்தால் அதே கல்வெட்டு ஒரு கதவைப் போலத் தெரிகிறது. இன்று அதே மானூர் ஒரு ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சட்டப்படி அங்கே பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. இடைப்பட்ட காலத்தில் செய்தி எப்படிப் பயணம் செய்தது?

தமுக்கு

அச்சு வருவதற்கு முன்பும், வந்த பிறகு நெடுங்காலமும், சர்க்கார் செய்தி தெருவுக்கு வந்தது தமுக்கின் வழியாகத்தான். வரி கட்டக் கடைசி நாள், ஆற்றில் வெள்ளம், அம்மை குத்த வருகிறார்கள், கால்வாய் மராமத்து, ஏலம். தமுக்கை அடித்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பணியாளர்களாக வைக்கப்பட்ட தலித் ஆண்கள். ஊர் முழுவதற்கும் செய்தி சொன்னவர் எந்தத் திண்ணையிலும் உட்கார முடியாது. 2022 ஆகஸ்ட்டில்தான் தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கி வண்டிகளைப் பயன்படுத்தச் சொன்னார். அது மிகவும் தாமதமாக வந்த நியாயம்.

அந்த அநியாயத்தை மறக்காமல்தான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுத்தறிவைக் கேட்காமல், வாசலைத் தாண்டி அடுக்களை வரைக்கும் வந்த ஒரே அரசுச் செய்தி தமுக்கின் செய்திதான். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே காதில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது ஒருவழிப் பாதை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. தமுக்கு அடித்தவரும் முடியாது. அவருடைய வீட்டுப் பெண்ணுக்கு ஊருக்கு முன்பே செய்தி தெரிந்திருக்கக்கூடும். தெரிந்ததை வைத்து ஊர்க்கிணற்றில் ஒரு குடம் தண்ணீர்கூட அவளால் எடுக்க முடியவில்லை. செய்தி தெரிந்திருப்பது மட்டும் போதாது என்பதை இந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு நகராட்சி, ஒரு பாலம்

ஆற்றின் மேற்கே திருநெல்வேலி, கிழக்கே பாளையங்கோட்டை. இரண்டையும் இணைக்கும் பாலம் 1843இல் கட்டப்பட்டது. ஆங்கில ஆட்சியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டியதால் இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. மனைவியின் நகைகளையும் விற்றுக் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. சிறு வயதில் அதை அவருடைய தியாகமாகக் கேட்டேன். இப்போது கேட்டால், நகையைக் கழற்றிக் கொடுத்தவளைப் பற்றி அந்தக் கதை ஏன் ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. ஊருக்குப் பாலம் வந்த கதையில் அவளுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1866இல் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் நகராட்சிகளாயின. தெரு விளக்கு, சாக்கடை, சந்தை, மயானம், அம்மைத் தடுப்பு எல்லாம் ஒரு அலுவலகத்தின் கீழ் வந்தன. முதலில் நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள். பின்னர் மெல்லத் தேர்தல் வந்தது. வாக்கு வரி கட்டும் சொத்தைப் பொறுத்தது. சொத்து யார் பெயரில் இருந்தது என்பதை இந்த நூலின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நகராட்சியை ஊர் தன்னுடையதாக நினைத்ததா என்பதற்கு 1908 மார்ச் 13 ஒரு பதில் சொல்கிறது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதான செய்தி பரவியதும் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்களும் மக்களும் தெருவில் இறங்கினார்கள். நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். வெள்ளை அரசின் முகமாகவே நகராட்சி பார்க்கப்பட்டது. அன்று வாய்மொழியாக வந்த செய்தி அச்சிட்ட எந்தத் தாளையும்விட வேகமாகப் போனது. அந்த நாளைப் பற்றிய எழுத்துகளில் தெருவில் நின்ற ஆண்கள் இருக்கிறார்கள். மாலையில் வீடு திரும்பாதவர்களைத் தேடி எந்தெந்தப் பெண்கள் எந்தெந்த வாசலில் நின்றார்கள் என்பது யாருக்கும் செய்தியாகப் படவில்லை.

டீக்கடைப் பத்திரிகையும் பீடித் தட்டும்

பள்ளத்தாக்கின் அச்சு வரலாறு மிஷன் அச்சகங்களோடு தொடங்கியது. 1849இல் தொடங்கிய 'நற்போதகம்' திருநெல்வேலி சபைகளுக்கான இதழ். ஊரளவிலான நாள்பத்திரிகை வெகுகாலம் கழித்தே வந்தது. 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட தினமலர் 1957இல் திருநெல்வேலிக்கு இடம் மாறியது. பிறகு மற்றப் பத்திரிகைகளின் நெல்லைப் பதிப்புகளும் வந்தன. நகராட்சிக் கூட்டம், மின்தடை நேரம், அணை நிலவரம், இன்றைய நிகழ்ச்சிகள் என்று ஊர்ச்செய்திக்கு ஒரு வடிவம் கிடைத்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எத்தனை அடி தண்ணீர் என்ற எண்ணை இந்த ஊரில் எல்லாரும் ஆவலோடு பார்ப்பார்கள்.

எல்லாரும் என்று எழுதிவிட்டேன். பத்திரிகை வந்தது டீக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் படிப்பகத்துக்கும். பெஞ்சில் உட்கார்ந்து நாலு பேர் நாலு தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். ஒருவர் உரக்க வாசிப்பார். அந்தப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பத்திரிகை மறுநாள் வந்தது, பலசரக்குப் பொட்டலமாக. பருப்பைக் கொட்டிவிட்டுத் தாளை நீவி, எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் அம்மா வாசிக்கப் பழகினாள். முந்தைய வாரத்து மின்தடை அறிவிப்பை அப்படிப் படித்துவிட்டு, "அன்னைக்குக் கரண்டு போனது இதுக்குத்தானா?" என்பாளாம்.

மேலப்பாளையம், முக்கூடல் என்று இந்த மாவட்டம் முழுக்கப் பெண்கள் வீட்டிலிருந்து பீடி சுற்றினார்கள், இன்னும் சுற்றுகிறார்கள். மடியில் தட்டு, ஒரு கையில் இலை, மறு கையில் தூள், பக்கத்தில் ரேடியோ. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்த பிறகு கையை நிறுத்தாமலே கேட்கக்கூடிய செய்தி மறுபடியும் கிடைத்தது. ஆனால் தெருச் செய்தி வானொலியில் வராது. அதற்குப் பீடிக் கடைதான். சுற்றியதை ஒப்படைக்கப் போகும் வரிசையில் நின்றபடி, எந்த வார்டில் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, யாருக்கு விதவை உதவித்தொகை நின்றுவிட்டது, எந்தப் பிள்ளைக்குப் பீடித் தொழிலாளர் உதவித்தொகை கிடைத்தது, எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் கைமாறும். பத்திரிகையில் வந்திருந்தால் 'மக்கள் பயன்பெறும் தகவல்' என்று தலைப்பிட்டிருப்பார்கள். பெண்கள் பேசியதால் அது ஊர் வம்பு ஆனது.

முதல் மேயர்

1992இன் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்துத் திருநெல்வேலி மாநகராட்சி உருவானது. மொத்தம் 55 வார்டுகள். 1996இல் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அதன் முதல் மேயர் ஒரு பெண்: திமுகவின் உமா மகேஸ்வரி. 2001இலும் ஒரு பெண்ணே மேயரானார். மாநகராட்சி பிறந்து முதல் பத்தாண்டு மேயர் நாற்காலியில் ஆண் யாரும் உட்காரவில்லை. மானூர்க் கல்வெட்டிலிருந்து இந்த இடத்துக்கு வந்துசேர 1200 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நான் அப்போது பள்ளி மாணவி. பாளையங்கோட்டையில் ஒரு விழாவுக்கு மேயர் வந்தபோது சாலை ஓரத்தில் நின்று பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி, "நம்ம மாதிரிச் சேலைதான் கெட்டியிருக்காவ" என்றாள். அரசாங்கத்துக்கு நம் மாதிரிச் சேலை இருக்கும் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. அதை நான் சிறிதாக நினைக்கமாட்டேன்.

ஆனால் ஆற்றின் இந்தக் கரையில் மாநகராட்சி, அந்தக் கரையில் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம். பாலத்தைத் தாண்டினால் அதிகாரம் வேறு. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுக்க ஊர்வலம் வந்தது. கொளுந்து பறிக்கும் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அலுவலகத்தை நெருங்கும்போது போலீஸ் தடியடி நடத்தியது. ஓடியவர்களுக்குப் போக ஆறுதான் இருந்தது. 17 பேர் தாமிரபரணியில் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. அந்த ஆற்றின் தண்ணீரைத்தான் இரண்டு கரையும் குடிக்கிறது.

மனு என்பதும் ஒரு செய்திதான். அரசு மக்களுக்குச் சொல்வது ஒரு திசை, மக்கள் அரசுக்குச் சொல்வது மறுதிசை. ஆச்சியின் காலண்டர் அடுக்களையில் தங்கிப்போன ஒரு மனு. மாஞ்சோலைப் பெண்கள் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு மலையிறங்கி வந்தார்கள். பெண் ஒருத்தி மேயராக இருந்த ஊரில், மனுக் கொடுக்க வந்த பெண்கள் ஆட்சியரின் மேசை வரை போய்ச் சேரவில்லை. இதற்காக மேயரைக் குறை சொல்லவில்லை; போலீஸ் அவர் கையில் இல்லை. பிரதிநிதித்துவம் என்று நாம் கொண்டாடுவதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைத்தான் சொல்கிறேன். அன்று அது பாலத்தின் நடுவே முடிந்தது.

சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலை 23 அன்று, முன்னாள் மேயர் உமா மகேஸ்வரி பாளையங்கோட்டை ரெட்டியார்பட்டியிலிருந்த தன் வீட்டில் கொலை செய்யப்பட்டார். கணவரும், வீட்டில் வேலை செய்துவந்த பெண்ணும் அவரோடு கொல்லப்பட்டார்கள். 'முன்னாள் மேயர் உள்பட மூவர்' என்ற வகையில்தான் தலைப்புகள் வந்தன. 'உள்பட' என்ற சொல்லுக்குள் ஒரு பெண் அடங்கிப்போனாள். உள்ளூர்ச் செய்தியின் இலக்கணம் இது. அதிகாரத்தில் இருந்தவளுக்குப் பெயர் இருக்கும். அவள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளுக்கு எண்ணிக்கை போதும்.

காலிக்குடங்கள்

எண்ணிக்கையாக மட்டும் பெண்கள் வரும் இன்னொரு செய்தி நம் எல்லாருக்கும் பழக்கமானது: 'காலிக்குடங்களுடன் பெண்கள் சாலை மறியல்'. படத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பிளாஸ்டிக் குடங்கள். கீழே, அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தியதை அடுத்துக் கலைந்து சென்றனர் என்று ஒரு வரி. அதிகாரிக்குப் பதவி இருக்கும், பேசிச் சமாதானப்படுத்தியவருக்குப் பெயர் இருக்கும். பெண்களுக்குப் பெயர் இருக்காது. அவர்கள் என்ன சொன்னார்கள், எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை, மறுநாள் தண்ணீர் வந்ததா என்பது அடுத்த நாள் தாளில் தேடினாலும் கிடைக்காது. ஆச்சியின் காலண்டரில் கிடைக்கும்.

2016 பிப்ரவரியில் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த கையோடு, இடமே இல்லாமல் போனது. மாநகராட்சிக்குத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. மாவட்டப் பிரிப்பின் காரணமாக, திருநெல்வேலி, தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களின் கிராம ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபர் வரை தேர்தல் தள்ளிப்போனது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். மன்றம் கூடாததால் மன்றச் செய்தியும் இல்லை. கதவைத் தட்டுவதற்குக் கவுன்சிலர் இல்லை.

எல்லாச் சுமையும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மனுநாளின் தலையில் விழுந்தது. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமைக்கு எதிராகத் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தும் பலன் காணாத ஒரு கூலித் தொழிலாளிக் குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், அந்த அலுவலக வளாகத்திலேயே தீயில் கருகியது. நால்வரும் இறந்தார்கள். அதைப் பற்றிக் கேலிச்சித்திரம் வரைந்த ஜி. பாலா சில நாட்களில் கைது செய்யப்பட்டார். அதன்பின் மனுநாளுக்கு வருகிறவர்களின் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் வாசலில் போலீசார் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பார்கள். வரிசையில் நான் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா, "மனுவ மட்டும் மோந்து பாக்க மாட்டாவளோ" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

யாருடைய எண்

2022 தேர்தலில் பாதி இடங்களில் பெண்கள் வந்தார்கள். கவுன்சிலரின் கணவர் கூட்டத்துக்கு வெளியே காத்திருப்பதும், தொலைபேசியை அவரே எடுப்பதும், சுவரொட்டியில் அவருடைய படம் பெரிதாக இருப்பதும் தமிழ்நாடெங்கும் நாம் பார்ப்பதுதான். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள், எந்தப் பெண்ணின் கையில் மன்றப் பொருள்நிரல் முன்கூட்டிக் கிடைக்கிறது, அதைப் படித்துக்காட்டி விளக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. செய்தி கணவர் வழியாக வந்தால் அதிகாரமும் அவர் வழியாகத்தான் போகும்.

அதே ஆண்டு நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க விதிகள் வந்தன. நவம்பர் 1 உள்ளாட்சி தினமாக அறிவிக்கப்பட்டு அன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. எங்கள் பகுதிக் கூட்டத்துக்குப் போனேன். பேசியவர்களில் பெண்கள் குறைவு. வீட்டுக்குத் திரும்பும் வழியில் குழாயடியில் நின்றவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கூட்டம் இருப்பதே தெரியாது. அறிவிப்பு வாட்ஸப் குழுவில் வந்திருக்கிறது. குழுவில் இருப்பது வீட்டுக்கு ஒரு எண். வீட்டுவரி ரசீதில் எந்தப் பெயரோ, அவருடைய எண். மறுபடியும் வாசலில் தாத்தாவிடம் பேசிவிட்டுப் போய்விட்டார்கள்.

2023 டிசம்பர் 17 இரவு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த நாளில், அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது இதற்கு விலை என்ன என்று புரிந்தது. எச்சரிக்கை தொலைபேசியில் வந்தது. பிறகு மின்சாரம் போனது, சிக்னல் போனது. எங்கள் தெருவில் வெள்ளம் வருவதைப் பெண்கள்தான் வீடுவீடாகக் கதவைத் தட்டிச் சொன்னார்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிறாள், எந்த வீட்டில் நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி, எந்த வீட்டில் ஆண்கள் வெளியூர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த அலுவலகத்தின் பட்டியலிலும் இல்லாத அந்தத் தகவல்களைச் சேர்த்துவைத்திருந்தது குழாயடிப் பேச்சுதான்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு காரியம் செய்கிறோம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு நோட்டில் அந்த வாரத்தை எழுதுகிறோம். தண்ணீர் வந்த நாள், நின்ற நேரம், குப்பை வண்டி வராத நாள், எரியாத தெருவிளக்கு எத்தனை, மனுக் கொடுத்தவர் யார், என்ன பதில் வந்தது, அடுத்த கூட்டம் எப்போது. எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். எழுதுகிறவள் முதல் பக்கத்திலேயே ஒரு விதி வைத்துவிட்டாள்: 'பெண்கள்' என்று பொதுவாக எழுதக்கூடாது, சொன்னவரின் பெயரை எழுத வேண்டும். வாட்ஸப் குழுவில் இப்போது வீட்டுக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. இரண்டாவது எண்ணைச் சேர்க்கச் சொல்லி வாதாட மூன்று மாதம் ஆனது. ஐந்து காசு தண்டம் யாரும் கேட்கவில்லை. "உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று மட்டும் கேட்டார்கள்.

போன மாதம் கவுன்சிலர் வந்தபோது நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். அவரும் ஒரு பெண். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இந்த வாரம் முழுக்க நாலாவது தெருவுக்கு வரவே இல்லையா?" என்று கேட்டார். நாலாவது தெருக்காரி பதில் சொல்லத் தொடங்கினாள்.